இருபத்தைந்து யாரில் ஒரு பொட்டு

ஸ்கந்தபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் சிற்றம்பலம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை விமலேஸ்வரியின் கணவன் மயில்வாகனம் எழுதிக்கொள்வது. கண்டாவளையில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் வயலும் வரம்பும் சுகமாயிருக்க எல்லாம்வல்ல முருகனை வேண்டுகிறேன். என்னுடைய சுகத்தைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே வேறு கதை கேட்டிருப்பீர்கள் என்பதால், உயிரோடு இருக்கிறேன், தொடர்ந்தும் இருக்க விரும்புகிறேன் என்பதை மட்டும் முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். தொலைபேசியில் நான்கு தரம் எடுத்தேன். நான்கு தரமும் “நீரும் ஒரு மனிசனோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். பதில் சொல்ல அவகாசம் கிடைக்காதபடியால் இக்கடிதம்.

விமலேஸ்வரி வியாழன்வரை நல்லபடியாக இருந்துவிட்டு, வெள்ளி மத்தியானம் பையோடு உங்கள் வீட்டுக்கு வந்தது நான் அவாவைப் பொட்டழிக்கச் சொன்னதால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சொன்னது உண்மை. ஆனால் எந்தப் பொட்டை என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் ஒழுங்காக, அடியிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் குரங்குக் கூட்டம் இறங்குவது உங்களுக்குத் தெரியும். அதற்குத் தலைமை தாங்குவது ஒரு தாட்டான், பெரிய ஆண்குரங்கு. அது செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, கச்சானை உடைத்துப் பார்த்து, முற்றவில்லை என்றால் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். இதற்காக, விவசாயிகள் எல்லாம் சேர்ந்திருக்கும் எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர் பரமேஸ்வரன், முறைப்படி அனுமதியெல்லாம் எடுத்து, குறி பார்க்கும் ஸ்கோப் பூட்டிய ஒரு காற்றுத் துப்பாக்கியை என் பொறுப்பில் தந்தார். ஏன் எனக்கு? நிலஅளவையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்தவன் நான். தூரம் என்று வந்தால் இந்த மாவட்டத்தில் என்னிடம் பிழை பிடித்தவர் இல்லை. அவர் அமைப்பின் கூட்டத்தில் அப்படிச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள் மச்சான். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அதனால்தான் இந்த விடயத்தில் என் மானம் முழுவதையும் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

முதலில் வீடு வீடாகப் போய், இது காற்றில் வேலை செய்வது, கதவு சாத்துகிற சத்தம்தான் வரும், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். யுத்தம் கண்ட எங்கள் ஊரில் அப்படிச் சொல்லாமல் தொடங்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். பிறகு கைநூலைப் படித்தேன். ஸ்கோப் காட்டும் இடமும் ஈயச் சன்னம் போய்ப் படும் இடமும் ஒன்றாகும்வரை அதன் திருகுகளைத் திருப்ப வேண்டும், இதற்கு ஸீரோ பிடிப்பது என்று பெயர். இருபத்தைந்து யாருக்கு, அதாவது எழுபத்தைந்து அடித் தூரத்துக்கு, ஸீரோ பிடித்தால், முப்பத்தைந்து யார்வரை நம்பிச் சுடலாம். அதற்கப்பால் சன்னம் தாழ்ந்து, வலுவும் குறைந்து, மிருகத்துக்கு வீண்காயம்தான் வரும், அது பாவம். ஆகவே தோட்டத்தை அளந்து முளை அடித்து, ஒவ்வொன்றிலும் மையால் “10 யார்”, “25 யார்”, “35 யார்” என்று எழுதினேன். பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி வேலியால் எட்டி முளையை வாசித்து, கையில் துவக்கோடு நின்ற என்னிடம், “ஆர் அண்ணை அந்த இருபத்தைஞ்சு பேர்?” என்று கேட்டா. அன்றைக்கே அவாவுக்கு என்மேல் ஒரு பார்வை விழுந்துவிட்டது.

முதல் கிழமை மச்சான், வந்து பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மண்மூட்டையில் துவக்கைக் கிடத்தி, இருபத்தைந்து யாரில் நட்ட பலகைக்கு ஐந்து சன்னம் அடித்தேன், ஐந்தும் ஒரு சோடாமூடிக்குள் அடங்கியது. தாட்டான் அதை மரத்திலிருந்து பார்த்தது. மறுநாளிலிருந்து முப்பத்தைந்து யார் முளைக்கு அங்கால் ஒரு அடி தள்ளியிருந்துதான் சாப்பிட்டது. அது அளந்த விதத்தில் எனக்கே மதிப்பு வந்தது.

அந்தக் கிழமை வெள்ளிக்குப் பிறகுதான் கிரகம் பிடித்தது. சனிக்கிழமை ஸ்கோப்புக்குள் பார்த்தால் நடுவில் மங்கலாக ஒரு சிவப்பு. விலை கூடிய ஸ்கோப்புகளில் சிவப்புப் புள்ளி எரியும் என்று கைநூலில் ஒரு வரி இருந்தது. நம்முடையதும் அந்த வகைதான், பழகப் பழக எரியத் தொடங்கியிருக்கிறது என்று சந்தோசப்பட்டு, குறுக்குக் கோட்டை விட்டுவிட்டுச் சிவப்பை வைத்தே குறி பார்த்தேன். சன்னம் தண்ணீர்த் தாங்கியில் பட்டது. திரும்ப ஸீரோ பிடித்தேன். அடுத்த வெள்ளி கழிந்தது, சன்னம் இடப்பக்கம் போய்க் கொடியில் காய்ந்த விமலேஸ்வரியின் கோயில் சேலையைத் துளைத்தது. கொப்பியில் காற்று, வெயில், தூரம் எல்லாம் குறித்துக் கணக்குப் பார்த்தேன். வெள்ளிக்கு வெள்ளி ஸீரோ நகர்கிறது. முப்பத்தொரு வருட அனுபவத்தை வைத்து யோசித்ததில், எங்கள் காணி வெள்ளிக்கிழமைகளில் மேற்குப் பக்கம் சற்றுச் சாய்கிறது என்ற முடிவுக்கு வரவேண்டியிருந்தது. பரமேஸ்வரனிடம் சொன்னேன். அவர் என்னை வெயிலில் நிற்க வேண்டாம் என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. எல்லா இடையூறையும் நிறுத்தினேன். நான் மூச்சைப் பிடித்துக் குறி பார்க்கையில் வீட்டில் ஒருவரும் நடக்கவோ, கூட்டவோ, தேங்காய் துருவவோ, இருமவோ கூடாது என்று ஒழுங்கு வைத்தேன். குசினிப் புகை காற்றைத் திருப்பும் என்பதால் அடுப்பும் பத்து மணிக்குப் பிறகுதான். விமலேஸ்வரி ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துழைத்தா. பேசுவதையும் நான் நிறுத்தியிருந்தேன். இதற்கிடையில் தாட்டான், இந்தத் தோட்டத்திலேயே சன்னம் வராத ஒரே இடம் நான் குறி பார்க்கும் பலகைதான் என்று கண்டுபிடித்து, அதில் சாய்ந்திருந்து கச்சான் உடைக்கத் தொடங்கியது.

போன வெள்ளி காலை. சன்னம் போடாத துவக்கு மண்மூட்டையில். நான் கண்ணை வைத்தபடி படுத்திருக்கிறேன். திடீரென்று ஸ்கோப்புக்குள் ஒரு பெரிய விரல் வந்தது மச்சான்! பனைமரப் பருமன்! தாட்டானும் மறைந்தது, பலகையும் மறைந்தது, எல்லாம் சிவப்பு. நிமிர்ந்து பார்த்தால், உங்கள் தங்கை குளித்து முழுகி, குங்குமச் சிமிழோடு துவக்குக்கு முன்னால் குந்தியிருந்து, ஸ்கோப்பின் கண்ணாடிக்குப் பொட்டு வைக்கிறா!

“என்னப்பா செய்யிறீர்?”

“இஞ்சருங்கோ, சும்மா கத்தாதேங்கோ. தண்ணி மிசினுக்கு வைச்சனான், மோட்டர்சைக்கிளுக்கு வைச்சனான், இதுக்கு மட்டும் வைக்காட்டிக் கோவிக்காதோ? வெள்ளிக்கு வெள்ளி பழசைத் துடைச்சுப்போட்டுத்தானே வைக்கிறன்.”

நான் பின்பக்கத்தால் பார்க்கிறவன். முன்பக்கத்தைப் பார்ப்பதென்றால் குழலுக்கு நேரே நிற்க வேண்டும், அது கூடாதென்பது கைநூலின் முதலாவது விதி. மூன்று கிழமையாக நான் குறி வைத்தது குங்குமத்தை என்று அப்போதுதான் விளங்கியது. தாங்கி போனது, சேலை போனது, காணி சாய்கிறது என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. எழும்பி நின்று, துவக்கும் கையுமாக, தொண்டை கிழியக் கத்தினேன்: “அந்தப் பொட்டை அழியும்! உடன அழியும்! இனி என்ர வாழ்நாளில வைக்கக்கூடாது!”

வேலிக்கு அங்கால் ஞானேஸ்வரி “ஐயோ!” என்று விழுந்த சத்தம் கேட்டது.

அரை மணித்தியாலத்தில் ஊர் கூடிவிட்டது. பரமேஸ்வரன் துவக்கைப் பறித்துக்கொண்டு போனார். நான் சாகத் துணிந்துவிட்டேன் என்று யாரோ சொல்லி, கிணற்றுக் கயிற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளாகத் தண்ணீர் அள்ள வழியில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முறைவைத்து எனக்குக் காவலிருக்கிறார்கள், இருந்தபடியே கச்சானைப் பிடுங்கித் தின்கிறார்கள். குரங்குக் கூட்டம் நான்கு மாதத்தில் தின்னாததை இவர்கள் இரண்டு நாளில் தின்றுவிட்டார்கள். விமலேஸ்வரியோ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டா.

மச்சான், அவா இல்லாத வீட்டில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேயிலை எந்தப் பேணியில் என்றுகூடத் தெரியவில்லை. உங்கள் கால் என்று நினைத்து இந்தக் கடதாசியைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். நான் அழிக்கச் சொன்னது கண்ணாடியின் பொட்டைத்தான். சான்றாக, அதைத் துடைத்த துணியைக் குங்குமக் கறையோடு இத்துடன் இணைத்திருக்கிறேன். அவாவின் நெற்றிப் பொட்டு நூறு வருடம் அப்படியே இருக்க வேண்டும் என்பதில் என்னைவிட அக்கறை உள்ளவர் வேறு யார் இருக்க முடியும்? யோசித்துப் பார்த்து, தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

மச்சாளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வயல் விளைந்து களஞ்சியம் நிறையட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய,
மயில்வாகனம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரம் விமலேஸ்வரி வந்து நிற்கிறா. கோயிலுக்கு என்று உங்களிடம் சொல்லிவிட்டு, பரந்தனில் பஸ் மாறி வந்திருக்கிறா. கடிதத்தை நின்றபடியே முழுதும் வாசித்தா. பிறகு சொன்னா:

“நீங்கள் அழிக்கச் சொன்னது துவக்கின்ர பொட்டைத்தான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நாப்பது வருசம் உங்களோட இருந்த எனக்கு அது விளங்காதே? மூண்டு கிழமையா என்ர வீட்டில இருமப் பயந்து, வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள போய் நிண்டு வாயைப் பொத்தி இருமினனான். அதை அண்ணையிட்டச் சொன்னா சிரிச்சுப்போட்டுப் பின்னேர பஸ்ஸிலயே ஏத்தி விட்டிருப்பார். பொட்டெண்டு சொன்னாத்தான் கதிரை போட்டு இருத்துவினம்.”

இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னா. எழுதிவிட்டேன். ஆகவே மச்சான், மேலே இருப்பதெல்லாம் நான் செய்யாத குற்றத்துக்குக் கேட்ட மன்னிப்பு, அதைக் கிழித்துவிடுங்கள். செய்ததற்கு எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவா குசினிக்குள் நிற்கிறா, போய்ப் பார்க்கிறேன்.