ஆடியில் ஆப்பிரிக்கா

"சித்திரைல போடும்மா," என்றார் மூர்த்தி. "தடைக்காலம். போட்டெல்லாம் கரைல தூங்கிகினு கெடக்கும். எனக்கும் வேலை கெடையாது."

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் நடத்தும் சங்கவி தலையை ஆட்டினாள். சித்திரையிலும் வைகாசியிலும் கென்யாவில் பேய்மழை கொட்டும், புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும், சிங்கம் பக்கத்திலேயே படுத்திருந்தாலும் வால்நுனிகூடத் தெரியாது என்றாள்.

மூர்த்தி தலையைச் சொறிந்தார். மீன் வியாபாரத்தில் அவரை அடிக்க அந்தக் கரையில் ஆள் கிடையாது. காற்று திரும்புகிற பக்கத்தைப் பார்த்தே நாளைக்கு வலையில் சங்கரா ஏறுமா, காரப்பொடி ஏறுமா என்று சொல்லிவிடுவார். ஆனால் மனைவி வச்சலாவை வெளியூர் கூட்டிப்போகிற விஷயத்தில் மட்டும் அந்த மூளை லீவு எடுத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனார், ஆனி மாத வெயிலில். பறவை என்று அவள் பார்த்தது வாசல் போர்டில் வரைந்திருந்த நாரையைத்தான். குற்றாலத்துக்குப் பங்குனியில் போய்ப் பாறையைப் பார்த்தார்கள். கொடைக்கானலில் மூடுபனி, போன நாளிலிருந்து திரும்பிய நாள்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் 'இதான் சீசன்' என்று அடித்துச் சொன்னவர் மூர்த்திதான்.

பிள்ளைகளைக் கரையேற்றியாயிற்று. ஈசிஆர் ஓரத்து மனையை ரிசார்ட்காரர்களுக்கு விற்றாயிற்று. பொங்கலன்று வச்சலாவிடம், "இத்தினி வருசத்துல நீ எதுவுமே கேட்டதில்ல, வாயத் தொறந்து கேளு," என்றார். நகை கேட்பாள் என்று நினைத்தார். அவளோ, ஆப்பிரிக்காவில் காட்டுமாடும் வரிக்குதிரையும் ஆயிரக்கணக்கில் திரண்டு, முதலை வாய் பிளந்து கிடக்கிற ஆற்றைத் தாண்டுமாமே, அதை ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள்.

இந்தத் தடவையும் வெறும் புல்லைக் காட்டித் திருப்பிக் கூட்டிவந்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை. அதை நினைத்தால்தான் மூர்த்திக்கு மனசு வலித்தது. என்ன ஆனாலும் சரி, இந்த ஒரு சீசனைச் சரியாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அப்ப அடுத்த மாசி?" என்று கேட்டார்.

சங்கவி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். மாசியில் அந்தக் கூட்டமெல்லாம் வேறு தேசத்தில் கன்று போட்டுக்கொண்டிருக்கும், ஆறு தாண்டுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆடி, ஆவணிதான், அதில் ஆவணிக்கு ரூம் எல்லாம் நிரம்பிவிட்டது என்றாள்.

"அப்ப ஆடியே போடு. இதான் சீசன்," என்றார் மூர்த்தி, பாஸ்போர்ட்டுகளை மேஜைமேல் வைத்து.

பாதி வழி வந்தபிறகுதான் பைக் தானாக வேகம் குறைந்தது. ஆடி என்றால் குப்பத்தில் அம்மன் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊருக்கு வரி கட்டுகிற ஆண்பிள்ளை எவனும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. மாமியார் வீட்டுக்கே போகமுடியாது, கென்யாவுக்கு எங்கே போவது? பெண்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. அம்மனும் பெண்தானே.

ஆனால் மூர்த்தி அசருகிற ஆள் இல்லை. அலை பெரிதாக வந்தால் படகைத் திருப்பவா செய்கிறோம், நேரே ஏற்றிவிடுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, அம்மன் தன் கனவில் வந்ததாக ஒரே போடாகப் போட்டார். சிவப்புப் புடவையாம், கை நிறைய வளையலாம். இந்த வருஷம் ஆடி வேண்டாம், ஆவணியில் எடு என்று ஆத்தா தன் வாயாலேயே சொன்னாளாம். சொல்லச் சொல்ல அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

கூட்டம் பூசாரியைப் பார்த்தது. பூசாரி தேவேந்திரன் வேறு யாருமில்லை, வச்சலாவின் அண்ணன். அவர் கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஆத்தா சொன்னால் மறுபேச்சு ஏது, திருவிழா ஆவணிக்கே இருக்கட்டும் என்றார். மூர்த்திக்கு அங்கேயே விசிலடிக்கவேண்டும்போல இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்று தேவேந்திரன் கண்ணைத் திறந்தார். "ஆத்தா யார் காதுல வந்து பேசினாளோ, மொதக் காப்பு அவனுக்குத்தான். ஆடி ஒண்ணாந்தேதியே கட்டிடணும். மத்தவங்க எங்க வேணா போலாம், வரலாம். மச்சான் மட்டும் எல்லையத் தாண்டக்கூடாது."

ஊரே மூர்த்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. அவரும் வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

இரண்டு நாள் பொறுத்து, பூசாரி வீட்டுக்குப் போய், அம்மன் மறுபடியும் வந்தாள், உனக்குக் காப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று சொல்லிப் பார்த்தார்.

"மொத தபா வந்தது கனவு மச்சான்," என்றார் தேவேந்திரன். "ரெண்டாவது தபா வந்தது வாயு. சுக்கு தட்டிப்போட்டுக் குடி."

மூர்த்தி அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். தான் நாள் முழுக்க மீனை அளைகிற ஆள், கவிச்சி பட்ட கையில் காப்புக் கட்டினால் தெய்வக்குற்றம் ஆகிவிடாதா என்று கேட்டார். தேவேந்திரன் நெற்றியில் தட்டிக்கொண்டார். நல்ல வேளை நினைவுபடுத்தினாய், காப்புக் கட்டினவன் மீனைத் தொடவே கூடாது, ஏலத்துக்கும் போகக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, படுக்கை கோயிலில்தான் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆப்பிரிக்கா போனதோடு வியாபாரமும் போயிற்று. இன்னும் வாயைத் திறந்தால் மொட்டையும் போடச் சொல்வார்கள் என்று பயந்து மூர்த்தி எழுந்து வந்துவிட்டார்.

ஆடி முதல் நாள் மேளதாளத்தோடு மஞ்சள் காப்பு அவர் கையில் ஏறியது. ஊரில் மற்ற ஆண்கள் எல்லாரும் புதுச்சேரிக்கும் திருப்பதிக்கும் ஜாலியாகக் கிளம்பினார்கள். போகும்போது மறக்காமல் மூர்த்தியின் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வச்சலா கோயிலுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. ஆப்பிரிக்கா எங்கே ஓடிவிடப் போகிறது, விட்டுவிடலாம் என்றாள். மூர்த்தி கையிலிருந்த காப்பைப் பார்த்தார். வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்டவள். அதையும் தன் வாயாலேயே கெடுத்தாயிற்று.

"நீ போ," என்றார் சட்டென்று. "எனக்குத்தானே காப்பு. பாப்பா அண்ணியக் கூட்டிகினு போ. நீ பாத்தா நான் பாத்த மாரி."

பாப்பா, தேவேந்திரனின் மனைவி. வச்சலா மாட்டேன் என்றாள். நீ இல்லாமல் நான் மட்டும் போய் என்ன பார்ப்பது என்றாள். மூர்த்தி கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், ஆத்தாமேல் ஆணை வைத்தார். கடைசியில் அவர் மனசு நோகக் கூடாதே என்று அரைமனதாகத் தலையாட்டிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூர்த்திக்கும் கண் கலங்கிவிட்டது.

அவள் போனபிறகு கோயில் படியில் சாய்ந்து உட்கார்ந்தார். போகாவிட்டால் என்ன, அவளுக்கு ஆறு தாண்டுவதைக் காட்டப்போவது யார்? சித்திரை என்று போய் மழையில் நனையவிடாமல், மாசி என்று போய் ஏமாறாமல், கச்சிதமாக ஆடியைப் பிடித்தது யார்? வேடந்தாங்கல் கடனையெல்லாம் ஒரே மாதத்தில் அடைத்த திருப்தி வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சங்கவிக்குப் போன் போட்டார்.

தன்னால் வரமுடியாது என்பதையும், காப்புக் கதையையும் சுருக்கமாகச் சொன்னார். தன் பெயரை எடுத்துவிட்டுப் பாப்பாவின் பெயரைப் போடவேண்டும், கடைசி நேரத்தில் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னித்துக்கொள் என்றார்.

"சரி, அத்த வுடு," என்றார் பெருமை தாங்காமல். "உண்மையச் சொல்லு, நான் புடிச்ச சீசன் எப்படி?"

மறுமுனையில் சங்கவி பெருமூச்சு விடுவது கேட்டது.

"அப்பாடா, அக்கா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா? பேரு மாத்தறதெல்லாம் வேணாம் அண்ணாத்த, மொதல்லேந்தே பாப்பா அண்ணி பேருலதான் டிக்கெட் போட்டுகீறேன். பொங்கல் முடிஞ்ச கையோட வச்சலா அக்கா இங்க வந்து சொல்லிட்டாங்களே, மிருகம் எந்த மாசம் வேணா வரட்டும், எங்க வூட்டுக்காரரு எந்த மாசம் வர முடியாதோ அந்த மாசமா பாத்துப் போடும்மான்னு."