ஒழுகாத பம்பு

உண்மையைக் காப்பாற்ற உலகில் எத்தனையோ சபைகள் தோன்றியிருக்கின்றன. அவற்றுள் தலையாயது, 1951-ல் இராயபுரத்தில் உதித்த ‘அமெரிக்கக் கார் அசல் உறுப்புக் கண்டறி சபை’. ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரர்களிடம் ஒரே மாதிரிக் கார்களை வாங்கிய வியாபாரிகள், எஞ்சினில் எது அசல், எது போலி என்று பிரித்துத் தேசத்துக்குத் தொண்டாற்றினார்கள். எந்தக் கூட்டத்திலும் பூதக்கண்ணாடியும் பக்கோடாவும் தவறியதில்லை.

சபைத் தலைவர் ஞானதுரை மிளகாய் மண்டி வைத்திருந்தார். அவருடைய மகனுக்குத்தான் கருப்பட்டி வியாபாரி தவசிமுத்து தம் மகள் ஜெயக்கொடியைப் பேசி முடித்திருந்தார். ஆகவே தலைவர் சோதனைக்காகத் தவசிமுத்துவின் கார் எஞ்சின் மூடியைத் திறந்தபோது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்றதைப் போலவே தவசிமுத்து பவ்யமாக நின்றார்.

தண்ணீர் பம்பின் கூட்டில் கம்பெனியின் வார்ப்பு எண் இருந்தது. பூதக்கண்ணாடி திருப்தியடைந்தது. பிறகு தலைவர் காலிப்பர் வைத்து அளந்தார். முகம் கறுத்தது. மற்ற உறுப்பினர்களின் பம்புகளைவிட இது அரை நூல் பெரிது.

“அதுகூடப் போகட்டும், சம்மந்தி. எங்க வண்டியெல்லாம் அசல். எல்லாம் ஒழுகுது. உங்க வண்டி ஏன் ஒழுகல?”

வாங்கிய நாள் முதல் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதைத் தவசிமுத்து இதுவரை பெருமை என்று நினைத்திருந்தார், பாவம். கல்யாணத்துக்குள் அசலைப் பொருத்திக் காட்ட வேண்டும் என்று சபை தீர்மானித்தது. தவறினால், போலியை அசலென்று சொல்லும் வீட்டில் பெண் எடுப்பது ‘மறுபரிசீலனைக்கு’ வரும் என்று தலைவர் மிகுந்த மனவேதனையோடு பக்கோடாவை மென்றபடி அறிவித்தார்.

தவசிமுத்து கல்மண்டபத்துக்கு ஓடினார். சபையின் கார்கள் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பவன் அங்கே பட்டறை வைத்திருந்த எத்திராஜ்தான். விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. கப்பலில் உதிரிபாகம் வராத காலத்தில் ஒவ்வொருவராக வந்து பம்பு கேட்டிருக்கிறார்கள். சர்வீசுக்கு வந்த தவசிமுத்துவின் பம்பைக் கழற்றி, மண்ணில் அழுத்தி அச்செடுத்து, இரும்பைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறான். எண்ணும் அப்படியே அச்சில் விழுந்துவிட்டது.

“உன்னுதுதான் தாயி, மொதலாளி. மத்ததெல்லாம் அது போட்ட குட்டி.”

“ஞானதுரை வண்டியில உள்ளதுமா?”

“அதுவுந்தான். இரும்பு ஆறுனா சுருங்கும், பொருந்தாம ஒழுகும். அதுக்கு நா இன்னா பண்றது?”

தவசிமுத்து கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் சபையே போலியாகிவிடும். சம்மந்தியைப் போலியாக்கிய வீட்டில் எவன் பெண் எடுப்பான்? சொல்லாவிட்டாலும் கல்யாணம் நின்றுபோகும். ஜெயக்கொடியோ ஒரு மாதமாகச் சோற்றுத் தட்டைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

“எனக்கும் ஒரு குட்டி ஊத்துலே.”

“ஒழுகும், மொதலாளி.”

“ஒழுகட்டும். குறையில்லாம ஒழுகணும்.”

சபை மறுபடி கூடியது. காலிப்பர் தலையசைத்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பம்பிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. தலைவர் அதை உள்ளங்கையில் ஏந்தி உறுப்பினர்களுக்குக் காட்டினார். “இதுதாம்யா அமெரிக்கா,” என்றார். கல்யாணத்தன்று பெண்ணை ஏற்றிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போன கார் வழியில் இரண்டு தடவை ஆவி கக்கி நின்றது. பார்த்தவர்கள் அதன் அசல் தன்மையை வியந்தார்கள்.

கழற்றிய ‘போலி’ இன்னொருவர் கையில் சிக்கி ஊரை ஏமாற்றிவிடக் கூடாதே என்பது சபையின் அடுத்த கவலை. காசிமேட்டில் ஒரு கட்டுமரத்தை அமர்த்தினார்கள். தலைவர் கரையில் நின்று, நேர்மையைப் பற்றிச் சிறிது பேசிக் கையை அசைத்தார். பம்பு ஆழத்தில் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள், தவசிமுத்துவும் தட்டினார்.

சபையின் சாதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இராயபுரம் முழுக்கச் சலித்து, இருந்த ஒரே அசலைப் பிழையில்லாமல் கண்டுபிடித்து, அதைக் கடலில் போட்டது அந்தச் சபைதான்.