சம்பந்தி வீட்டில் ஒரு செம்புத் தகடு

சேக்காட்டில் எங்கள் தெருவுக்குள் டெஸ்டர் அண்ணன் தொட்டுப் பார்க்காத பொருள் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், கம்ப்யூட்டர், கோயில் திருவிழாவுக்கு நட்ட சீரியல் பல்புக் கம்பம், ஐஸ்கிரீம் வண்டி, பல் டாக்டரின் நாற்காலி எல்லாவற்றையும் அவருடைய டெஸ்டர் பதம் பார்த்திருக்கிறது. பல் டாக்டரின் நாற்காலியை அவர் சோதித்தபோது அதில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவன் நான்.

டெஸ்டர் என்றால் ஸ்குரூ டிரைவர் மாதிரி இருக்கும். கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்தால் பிடிக்குள் ஒரு குட்டி பல்பு எரியும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் அதை வைத்திருப்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எலக்ட்ரீஷியன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கிற ஆலையில் காலர் தைக்கிறவர். மகள் மஞ்சு கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். ஒருநாள் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்தவர், அந்தப் பெட்டி மேல் கிடந்த துண்டை எடுத்தார். கை சுர்ரென்றது. "ஒரு நிமிசம் மேல போய்ட்டு வந்தேன் நைனா" என்பார். அன்றிலிருந்து உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வியாதி, எர்த் இல்லை. ஒரே வைத்தியம், எர்த் போடு, கசிகிற கரண்ட் வயர் வழியே மண்ணுக்குள் போய்விடும்.

அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்று சாயங்காலம் வந்தார். வணக்கம் இல்லை, எந்த ஊர் என்ற விசாரணை இல்லை. நேராக என் கம்ப்யூட்டரிடம் போய் டெஸ்டரை வைத்தார். பல்பு எரிந்தது.

"எமனப் பக்கத்துல உக்கார வெச்சிக்கினு கதை எழுதினு கீற" என்றார்.

"நல்லாத்தான் ஓடுது அண்ணே."

அவர் குனிந்து பிளக்கை உருவினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நுழையவில்லை என்று அதன் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, நான்தான் கட்டிங் பிளேயரால் ஒடித்திருந்தேன். அந்த ஒடிந்த இடத்தை அவர் கொலை நடந்த இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இத்த ஒடிச்சது யாரு?"

"நான்தான்."

"படிச்சிகீறியா?"

படித்திருக்கிறேன் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. என் மனைவி காபி கொண்டுவந்தாள். சமையலறையில் போய் மிக்ஸியைச் சோதித்துவிட்டு வந்த பிறகுதான் டம்ளரைத் தொட்டார்.

அவர் சொன்னதில் பாதி வேதவாக்கு. கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, அதற்கும் மூச்சு விட இடம் வேண்டும் என்பார். உள்ளே படிகிற தூசியை ஈரத்துணியால் துடைக்காதே, காய்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டு என்பார். போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. மீதிப் பாதியைப் பற்றி என் பிரிண்டரிடம்தான் கேட்க வேண்டும். பேப்பர் சிக்குகிறது என்று தெரியாத்தனமாக அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் பாயில் பரப்பி, திரும்ப மாட்டினார். கடைசியில் உள்ளங்கையளவு சாமான் மீந்தது. அதற்குப் பிறகு அந்த பிரிண்டர் ஒரு வரிகூட அச்சடிக்கவில்லை.

"தொட்டா சுருக்குனுதா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே."

"அப்ப நல்லாகீது" என்று எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் சில்லறை அதிர்ச்சிகள். மொத்தமாக அதிர்ந்தது மஞ்சுவின் கல்யாணப் பேச்சில்தான்.

மஞ்சுவுக்கும் அவளோடு வேலை பார்த்த பிரகாஷுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதித்து, ஐயப்பன்தாங்கலில் மாப்பிள்ளை வீடு பார்க்க மஞ்சுவோடு ஒரு வேன் நிறையப் போனோம். கிளம்புகிற நேரத்தில் டெஸ்டரின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கருமத்த எடுத்துக்கினு வராம பாத்துக்கோ" என்றார். அண்ணனுடைய சட்டைப் பையை நானே தொட்டுப் பார்த்தேன். காலியாக இருந்தது. நிம்மதியாக வேனில் ஏறினேன்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பிரகாஷின் அப்பா அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்கா பேசினார். பிரகாஷ் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் என்பதால் தன் அறையைக் காட்டினார். மேசை மேல் இரண்டு பெரிய திரைகள், மேசைக்கடியில் கலர் கலராக விளக்கு எரிகிற கம்ப்யூட்டர் பெட்டி. டெஸ்டர் அண்ணன் பட்டு வேட்டியின் இடுப்பு மடிப்புக்குள் கையை விட்டார். அங்கேதான் டெஸ்டரை ஒளித்து வைத்திருந்தார்.

பெட்டியில் வைத்தார், பல்பு எரிந்தது. கூடத்துக்கு வந்து ஃபிரிட்ஜில் வைத்தார், எரிந்தது. வாஷிங் மெஷினைப் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனவர் திரும்பி வந்து சபை நடுவில் நின்றார்.

"இந்த ஊட்ல எர்த் இல்ல" என்றார்.

"எங்க ஊட்ல இல்லாதது இன்னா கீது?" என்றார் பிரகாஷின் அத்தை, ஏதோ சீர் வகையைக் கேட்கிறார் என்று எண்ணி.

"எர்த் இல்லாத ஊட்ல பொண்ணு குடுக்க முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க."

என் வாயில் பாதி பஜ்ஜி இருந்தது. அதை விழுங்குவதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மஞ்சுவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

அன்றோடு மஞ்சு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். ஒருமுறை மட்டும் என் முன்னால் வெடித்தாள். "நான் அந்த ஊட்ல வாழப் போறேன்பா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணப் போவல."

"அதாம்மா நானும் சொல்றேன். வாழணும்ல" என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூடிய கதவையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் கொலைவெறி வந்தது. ஒரு குட்டி பல்புக்காகப் பெற்ற மகளின் வாழ்க்கையை இப்படியா ஊதி அணைப்பான் ஒரு மனிதன் என்று என் மனைவியிடம் புலம்பித் தீர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழேயிருந்து குரல் வந்தது. "நைனா, ஐயப்பன்தாங்கல் போயி மன்னிப்பு கேட்டுக்கினு வந்துரலாம், வா."

ஓடினேன். ஆட்டோவில் எனக்கு உட்கார இடமில்லை. கடப்பாரை, மண்வெட்டி, ஒரு மூட்டை அடுப்புக்கரி, கல்லுப்பு, பச்சை வயர்ச் சுருள், அகலமான ஒரு செம்புத் தகடு.

"மன்னிப்புக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணே?"

"எர்த்துக் குழி போடத்தான். மாப்ளகிட்ட போன்ல கேட்டுட்டேன். வாங்க மாமான்ட்டாரு."

மாப்பிள்ளை வாங்க என்று சொன்னது உண்மை. அதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதும் உண்மை. நாங்கள் போனபோது அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினார்.

டெஸ்டர் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொல்லைச் சுவரோரம் தோண்ட ஆரம்பித்தார். குழி ஆழமாக இருக்க வேண்டும், அதில் கரியும் உப்பும் அடுக்கித் தகட்டை நிறுத்த வேண்டும், எப்போதும் ஈரம் இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு. தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்பில் தொட்டு அதைத் தேய்க்கிற வேலை எனக்கு வந்தது.

அவர் மார்பளவு குழிக்குள் இறங்கியிருந்தபோது, துணி காயப்போட அத்தை வந்தார்.

அத்தையின் இடத்தில் நின்று பாருங்கள். சம்பந்தம் வேண்டாமென்று எழுந்து போன ஆள், மேல் சட்டையில்லாமல், முகமெல்லாம் கரியோடு, உங்கள் வீட்டுக் கொல்லையில் குழிக்குள் நிற்கிறார். கரையில் இன்னொருவன் எலுமிச்சம்பழமும் செம்புத் தகடுமாக உட்கார்ந்திருக்கிறான். தகடு புதைத்தால் குடும்பம் விளங்காது என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் எந்தத் தெருவிலும் உண்டு. நானாக இருந்தால் மயங்கியே விழுந்திருப்பேன்.

"தகடு வெக்க வந்துட்டியா" என்றார் அத்தை, குரல் எழும்பாமல்.

"ஆமாம்மா" என்றார் டெஸ்டர், வெள்ளந்தியாக. "இத்த வெச்சிட்டா இந்த ஊட்ல எல்லாம் அடங்கிடும்."

அதற்குப் பிறகு அத்தைக்குக் குரல் எழும்பியது. அரைத் தெரு கூடிவிட்டது. ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். ஒருவர் போலீசைக் கூப்பிடு என்றார். ஒரு இளைஞர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பழத்தைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றேன். மஞ்சுவின் கல்யாணம் இனி ஏழேழு ஜென்மத்துக்கும் நடக்காது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் காய்கறிப் பையோடு பிரகாஷின் அம்மா வந்தார். பெண் பார்த்த அன்றைக்கும் சரி, வீடு பார்த்த அன்றைக்கும் சரி, அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழியை எட்டிப் பார்த்தார். பச்சை வயரைப் பார்த்தார்.

"இத்த வெச்சா, அந்த சுர்ருனு ஏறுறது நின்னுடுமாண்ணா?" என்று கேட்டார்.

குழிக்குள் கடப்பாரைச் சத்தம் நின்றது. "எங்கம்மா ஏறுது?"

"கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில ஈரத்துணி போட்டுத் தொடைக்கிறப்போ, அந்தப் பொட்டி மேல கை பட்டா தோள் வரிக்கும் ஏறும். பிரிட்ஜத் தொறந்தாலும் அப்டித்தான். நரம்புத் தளர்ச்சின்னாங்க. மாத்திரை சாப்டுகினு கீறேன்."

"ஒரு நாளும் சொன்னதில்லியே நீ" என்றார் அத்தை.

"சொன்னேன் அண்ணி. யாரும் காதுல வாங்கல."

சத்தம் கேட்டு ஒருவழியாகப் பிரகாஷ் வெளியே வந்திருந்தார். கழுத்தில் ஹெட்போன், காலில் தடித்த ரப்பர் செருப்பு. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டே நடக்கிறவருக்குச் சுருக்கென்றதே இல்லை. அம்மாவின் வெறுங்காலையும் தன் செருப்பையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். வீடியோ எடுத்தவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் காலரைப் பிடித்தவர் அதை நீவிவிட்டார்.

பிறகு குழிக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றியது அத்தைதான். மெயினை அணைத்துவிட்டுச் சுவரோரமாகப் பச்சை வயரை இழுத்து, ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் கொடுத்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மெயினைப் போட்டு, பெட்டியில் அண்ணன் டெஸ்டரை வைத்தார். பல்பு எரியவில்லை. பிரகாஷின் அம்மா வாளியில் துணியை நனைத்துத் தரையைத் துடைத்தார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரக் கையைக் கம்ப்யூட்டர் பெட்டி மேல் வைத்தார். வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

"உங்க பொண்ணு வரப்போவுதுன்னு இவ்ளோ செய்றீங்க" என்றார். "எனக்குக் கல்யாணம் பேசுனப்ப எங்கப்பாவும் வந்து இந்த ஊட்டப் பாத்தாரு. பஜ்ஜி சாப்டாரு, போய்ட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல நாள் பாருங்கண்ணா" என்றார்.

திரும்பி வரும்போது டெஸ்டர் அண்ணன் ஆட்டோவைக்கூடச் சோதிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. மஞ்சு ஐயப்பன்தாங்கலுக்குப் போன மறுநாள் காலையில், கீழே வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவர் மாடிக்கு என்னிடம் வந்து உட்கார்ந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டரத் தொட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தேம்பா."

"வெறுங்காலோடவா?"

"வெறுங்காலோடதான். அவரு அம்மா இப்பத்தான் தொடைச்சாங்க, தரை ஈரம்கூட காயல."

"சுருக்குனுதா?"

"இல்லப்பா. ஒண்ணுமே இல்ல."

அவர் போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவுக்கு இன்னா ஆச்சு என்று மஞ்சு கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் மேல் எனக்கு இத்தனை பிரியம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.