சௌனாவில் வெந்த தக்காளி நாற்று

குவோப்பியோ,
மே மாதக் கடைசி

அன்புத் தம்பி தௌனோவுக்கு,

அக்கா கெர்ட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் செடிகளில் மிஞ்சியவையும் சுகம். அங்கே ஆஸ்பத்திரியில் நீயும் உன் புது இடுப்பு மூட்டும் ஒருவரோடொருவர் ஒத்துப்போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்திருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாது. நடந்ததை ஏற்ற இறக்கமில்லாமல் எழுதுவது நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை பார்த்தபோது வந்த பழக்கம். கோபமாக இருக்கிறேன் என்று நினைக்காதே.

ஆபரேஷனுக்குப் போகுமுன், "சும்மா நாலஞ்சு நாத்துதான் அக்கா, ஜன்னலோரமா கெடக்கட்டும்" என்றுதான் சொன்னாய். டாக்சிக்காரர் இறக்கி முடித்தபோது பால் அட்டைப்பெட்டிகளிலும் தயிர்க் கோப்பைகளிலும் நட்ட நாற்றுகள் வாசலிலிருந்து சமையலறைவரை வரிசை கட்டி நின்றன. "இவ்வளவையும் தின்பீங்களா?" என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஜன்னல் இல்லை. ஜன்னலில் தெரியும் ஏரியில் பனிக்கட்டி உருகிவிட்டதா என்று ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறகு நீ ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, நாற்றுகளைக் குளிருக்குப் பழக்கவேண்டும், பகலில் கொஞ்ச நேரம் பால்கனியில் வைத்து எடு என்றாய். வைத்தேன், எடுத்தேன். பச்சைக் குழந்தைகளைக் காற்றாட வெளியே கொண்டுபோவதுபோல் தட்டுத்தட்டாகச் சுமந்தேன். ஒரு தடவை நான் உள்ளே திரும்புமுன், பால்கனிக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்ததால், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பிடி கிடையாது. வீட்டு உடையிலும் கம்பளிக் காலுறையிலும் உன் முட்டைக்கோஸ் நாற்றுகளோடு நின்றேன். அடுத்த வீட்டு ஓலாவி தன் பால்கனிக்குக் காப்பியோடு வந்து, என்னைப் பார்த்து, "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். அவர் காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் என்னால் உதவி கேட்க முடிந்தது.

மே தினத்துக்கு மறுநாள் பனி கொட்டியது. இதில் புதிதாக ஒன்றுமில்லை. பால்கனித் தொட்டிகளையெல்லாம் அள்ளி உள்ளே கொண்டுவந்தேன். எங்கும் இடமில்லாததால் நான் வியர்வைக் குளியல் எடுக்கும் சௌனா அறையின் மரப்படிகளில் அடுக்கினேன்; மேல்படியில் தக்காளி, நடுப்படியில் வெள்ளரி, கீழே தரையில் மிளகாய். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை மாலை காப்பி போட்டுவிட்டு, போகிற போக்கில் சௌனா அடுப்பின் குமிழைத் திருப்புவது என் கையில் ஊறிப்போன வழக்கம். கை திருப்பிவிட்டது. நான் போய் உட்கார்ந்து காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே, எங்கிருந்தோ சூப் வாசனை வருகிறதே, யார் வீட்டில் இந்நேரத்தில் சூப் என்று யோசித்தேன்.

சரியாக அப்போதுதான் நீ போன் செய்தாய்.

"அக்கா, தக்காளி எப்படி இருக்கு? குளிர்ல விட்டுடாத."

"குளிர்ல இல்ல. உள்ளதான் இருக்கு."

"கதகதப்பா இருக்கா?"

"ரொம்ப."

அந்தப் பேச்சில் நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. போனை வைத்துவிட்டுச் சௌனாக் கதவைத் திறந்தேன். மேல்படியில் இருந்தவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெள்ளரி தலையைத் தொங்கப்போட்டிருந்தது. மிளகாய் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

மிச்சத்தையாவது தேற்றலாமென்று உன்னிடம் காரணம் சொல்லாமல் யோசனை கேட்டேன். காஞ்சொறியைப் பறித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு ஊற்றச் சொன்னாய். நாற்றத்தைப் பற்றி நீ சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து லிஃப்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்கள். கட்டிட நிர்வாகம் சாக்கடைக் குழாயைப் பார்க்க ஆளைக் கூப்பிட்டது. அவர் ஒவ்வொரு மாடியாகக் குழாயைத் தட்டிக்கொண்டு வந்தார். ஓலாவி கதவைத் தட்டினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?"

"வீட்ல நான் ஒருத்திதான் ஓலாவி."

"அதான் கேட்டேன். ஆள் செத்துக் கெடந்தா யாருக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

வாளியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். செத்தது நானாக இருந்திருந்தாலே தேவலை என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. உன் வீட்டில் லிஃப்ட் இல்லை, படியேற முடியாது, அதனால் கோடை முடியும்வரை என்னோடு தங்கலாமா என்று போனவாரம் கேட்டாய். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசித்துவிட்டேன். முடியாது. செடிகளை மட்டும் வைத்துக்கொள்ளவே இந்தப் பாடு; செடிக்குச் சொந்தக்காரனையும் வைத்துக்கொண்டால் நான் எங்கே உட்காருவது? நாம் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தது சின்ன வயதில். அப்போதும் அம்மா நடுவில் திரைச்சீலை கட்டவேண்டியிருந்தது. இத்தனை வருஷம் தனியாக இருந்து பழகிய உடம்பு இது. உடல் தேறும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஊரிலேயே இருக்கிறது. நர்ஸிடம் கேள். மிச்சச் செடிகளை ஞாயிற்றுக்கிழமை கீழே முற்றத்தில் வைத்துவிடுவேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இது என் முடிவு.

புது மூட்டு உன்னைவிட நீண்ட நாள் உழைக்கவும், உனக்கு நல்ல தூக்கம் வரவும், ரை தானிய ரொட்டி இல்லாத அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாடு உன் வயிற்றில் தங்கவும் வேண்டுகிற,

அக்கா கெர்ட்டு

பி.கு.: உறையை ஒட்டப் போகுமுன் பால்கனிக்குப் போனேன். மூலைத் தொட்டியிலிருக்கும் சுக்கினிப் பூசணியில் இரண்டு பூ மலர்ந்திருக்கிறது, மஞ்சள், என் கை அகலம். ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் எடுத்து வைக்கவேண்டுமாமே. கண்ணாடி அடைத்த பால்கனிக்குள் வண்டு எப்படி வரும்? எது ஆண் எது பெண் என்று எனக்குத் தெரியவில்லை. ஓலாவியிடம் கேட்கலாம்தான். ஆனால் மனைவியை இழந்த ஒரு மனிதரைக் கூப்பிட்டு, இதில் ஆண் எது, பெண் எது, எப்படிச் சேர்த்துவைப்பது என்று கேட்டால், அப்புறம் இந்தக் கட்டிடத்தில் நான் குடியிருக்க முடியாது. பூ நாளைக்கே வாடிவிடும்போல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன், நாளைக் காலையில் உன்னை விட்டுவிடுவார்கள். இந்தக் கடிதத்தையும் நானே டாக்சியில் கொண்டுவருகிறேன், வழியில் படித்துக்கொள். முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று. பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறேன். நீ அங்கிருந்து சொல், நான் குனிந்து செய்கிறேன்.