காப்பீடு இல்லாத வீட்டுக்கு வந்த ஹார்லிக்ஸ்

பாபநாசம் தாலுகா,
ஐப்பசி மாதம், மழை நாள்.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு, அப்பா ரெத்தினம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நீயும் உன் கூட்டாளிகள் இருவரும் சென்னையில் சுகமாக இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். இங்கே நானும் உன் அம்மா செந்தாமரையும் சுகமா என்று கேட்டால், அதைச் சொல்லும் உரிமை இப்போது என்னிடம் இல்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி அதை விசாரித்து, முடிவெடுத்து, தபாலிலும் அனுப்பிவிட்டது.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் போட்டால் நீ, "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அதோடு, போனில் வாயைத் திறந்ததால்தான் எனக்கு இத்தனை கேடும் வந்தது.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீ அந்தப் பழைய கம்பெனி வேலைக்கே திரும்பிப் போய்விடு தம்பி. ஒரு வருடமாவது போ. உன் அம்மாவின் வயிற்றில் இருக்கும் கல்லை எடுக்கும் வரைக்குமாவது போ.

நீ வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன் கம்பெனி கொடுத்த அட்டையை நீட்டினோம். நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி வேண்டுமா என்று கேட்டார்கள். சித்திரையில் நீ சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வேலையை விட்டாய். நான் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். உன் வேலையோடு எங்கள் அட்டையும் போய்விட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆடியில் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதுங்களே ஐயா" என்றாள். அன்றைக்கு நாற்காலியும் இல்லை, காபியும் இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கல் இருக்கிறது, இப்போது அவசரமில்லை, ஆனால் என்றைக்காவது எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அந்த என்றைக்காவது என்பது எந்த நாள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் எனக்குப் பதறுகிறது. ஏப்பம் விட்டால்கூட ஓடி வந்து பார்க்கிறேன். நமக்கு இருப்பது ஐந்து மா நிலம். மற்றவர் வயலில் அறுத்துக் கட்டிய உன் தாத்தாவின் வம்சத்தில் நம் பெயரில் பட்டா ஏறியது இந்த ஐந்து மாவுக்குத்தான். அந்தக் கல் ஒரு ராத்திரி புரண்டு படுத்தால் நிலம் போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை வாங்கலாமே என்று நீ கேட்கலாம். அதற்கு வருமான வரம்பு உண்டு. நீ வேலையில் இருந்தபோது வாங்கிய வருமானச் சான்று நம்மை அந்த வரம்புக்கு மேலே ஏற்றி உட்கார வைத்திருக்கிறது. நீ இறங்கிவிட்டாய், அது இன்னும் இறங்கவில்லை.

ஆகவே நாமே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடலாம் என்று கும்பகோணத்து ஏஜெண்ட் கலந்தர் பாயைப் பிடித்தேன். தங்கமான மனிதர். "கம்பெனி வேலையில இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கண்ணே. தனியா எடுத்தா எல்லாத்தையும் கேப்பாங்க. ரத்தம் எடுப்பாங்க, ஈசிஜி எடுப்பாங்க, அப்புறம் டாக்டரம்மா போன்ல பேசுவாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, ஸ்கூட்டியில் ஒரு பெண் பெட்டியோடு வந்தாள். உன் அம்மாவுக்கு ரத்தம் எடுத்தாள், எனக்கும் எடுத்தாள். பிறகு என்னைச் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுக்கச் சொல்லி, நெஞ்சிலும் கைகாலிலும் ஒயர்களை மாட்டினாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்சம் உறைமோர் வாங்க வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். வாங்காமலே திரும்பிவிட்டாள். அந்தப் பெண் பெட்டியை மூடி வண்டியைக் கிளப்புவதற்குள், ரெத்தினண்ணனுக்கு நெஞ்சில் ஒயர் மாட்டியிருக்கிறது என்று தெருமுனை டீக்கடையில் பேச்சு. அங்கிருந்து செய்தி கும்பகோணம் பஸ்ஸில் ஏறிவிட்டது. ஊருக்கு ஊர் என் நிலைமை மோசமாகிக்கொண்டே போய், சுவாமிமலையில் இருக்கும் உன் பெரிய மாமா காதுக்குப் போனபோது நான் ஏறக்குறைய முடிந்திருந்தேன். அவர் பஸ் ஸ்டாண்டு பூக்கடையிலிருந்து போன் செய்து, "மாலை இங்கேயே வாங்கிட்டு வந்துடவா, அங்க வந்து பாத்துக்கலாமா?" என்று கேட்டார். போனை எடுத்தது நான். "நான்தான் பேசுறேன் மச்சான்" என்றேன். "அப்ப ஹார்லிக்ஸே வாங்கிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. ஹார்லிக்ஸ், ரொட்டி, சாத்துக்குடி. அம்சம் வாசல்படியிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து கதை சொன்னாள். இப்போது நான் கேட்கிறேன், நீயே சொல். நடவு வேலையைப் போட்டுவிட்டுச் சாத்துக்குடியோடு பஸ் ஏறி வந்தவர்களிடம், எனக்கு ஒன்றுமே இல்லை, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் வந்தவர்களுக்கு மரியாதையா? அது போகட்டும், அத்தனை கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லலாமா? நம் ஊரில் யாராவது எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? காளை மாதிரி இருப்பவன்கூட "ஏதோ ஓடுதுங்க" என்றுதானே சொல்வான். நானும் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

"சார், இன்சூரன்ஸ் கம்பெனியிலேருந்து டாக்டர் அனுராதா பேசுறேன். இந்தப் பேச்சு பதிவு செய்யப்படுது. பேசலாமா?" என்றாள் அந்த அம்மா. உன் மாமா எட்டி ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"நடந்தா மூச்சு வாங்குதா சார்?"

கூடமே என்னைப் பார்த்தது. "வாங்காம இருக்குமாம்மா" என்றேன்.

"நெஞ்சு படபடப்பு?"

"அது இருக்கத்தானேம்மா செய்யுது."

"தலைசுற்றல்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்சம் வாசலிலிருந்து, "போன வாரம் வரப்புல அப்படியே உக்காந்துட்டாரும்மா!" என்று கத்தினாள். நான் உட்கார்ந்தது காலில் குத்திய முள்ளைப் பிடுங்க. உன் மாமா சும்மா இருப்பாரா? "இவரு அப்பாவும் இப்படித்தாம்மா, திடீர்னு போயிட்டாரு" என்றார். உன் தாத்தா எண்பத்தாறு வயதில் கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனவர். அதை யார் சொன்னது? ஒவ்வொரு பதிலுக்கும் கூடத்தில் உச்சுக் கொட்டினார்கள். வாங்கி வந்த ஹார்லிக்ஸ் வீண்போகவில்லை என்று எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி.

பிறகு உன் அம்மாவிடம் பேசினாள். உன் அம்மாவுக்கு யார் கண்ணும் பயமில்லை. "சக்கரை இருக்கு, மாத்திரை போடுறேன். பித்தப்பையில கல்லு இருக்கு. மத்தபடி நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

நேற்று தபால் வந்தது. என் ரத்தம் நன்றாக இருக்கிறதாம், ஈசிஜி நன்றாக இருக்கிறதாம், ஆனால் நானே என் வாயால் சொன்ன அறிகுறிகளைக் கருதி எனக்குப் பாலிசி கிடையாதாம். உன் அம்மாவுக்குத் தருவார்களாம், ஆனால் அந்தக் கல்லுக்கு மட்டும் மூன்று வருடம் கழித்துத்தான் பணம் தருவார்களாம். உடனே அந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு ஒண்ணுமே இல்லை" என்று கெஞ்சினேன். "சரிங்க சார், இதையும் பதிவு பண்ணிக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு என்னவெல்லாம் பதிவாகியிருக்கிறதோ. கலந்தர் பாய் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நோயை மறைச்சு மாட்டுனவங்களப் பாத்திருக்கேன். இல்லாத நோயைச் சொல்லி மாட்டுனது நீங்கதாண்ணே." உன் அம்மா மட்டும் சிரிக்கிறாள். "மூணு வருஷம் பொறுத்துக்கன்னு நான் கல்லுகிட்ட சொல்லிக்கிறேன், நீங்க பேசாம சாப்பிடுங்க" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எந்த அட்டையை எடுத்துக்கொண்டு எந்த வாசலுக்கு ஓடுவேன்?

அதனால்தான் கேட்கிறேன். உன் தொழில் எங்கேயும் போய்விடாது. பழைய முதலாளியிடம் நல்லபடியாகப் பேசி மறுபடி சேர்ந்துகொள். தகப்பன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. கூட்டாளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகளைச் சொல். மூவரும் சீரும் சிறப்புமாக நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ரெத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டாள். அந்த நேரம் எனக்கு ஆறுதல் சொல்லக் கலந்தர் பாயும் வந்திருந்தார். உன் அம்மா அவரிடம், "கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் எப்படிங்க ஒண்ணும் கேக்காம குடுக்குறீங்க?" என்று கேட்டாள். "அது கும்பலா சேத்துக் குடுக்குற குரூப் பாலிசி, அக்கா. ஒரே இடத்துல ஏழு பேரு வேலை பாத்தா போதும். பழைய நோயும் சேரும், காத்திருக்கவும் வேணாம்" என்றார் அவர். உன் அம்மா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "எங்க ஆத்தா காலத்துலேருந்து அடுத்தவன் கூப்பிட்டா ஓடுன பொழப்பு. எம்புள்ளை ஒருத்தன் யாரு கூப்பிட்டாலும் ஓடாம இருக்கான். அவனைத் திரும்பிப் போகச் சொல்லாதீங்க" என்றாள்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நீ வேலைக்குப் போக வேண்டாம், நாங்கள் வருகிறோம். நீங்கள் மூன்று பேர். உன் அம்மா உங்களுக்குச் சமைப்பாள், நான் ஆபீஸ் வாசலைப் பார்த்துக்கொள்வேன். அம்சம் பெருக்கித் துடைப்பாளாம், அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டுவாராம். கார் இல்லை என்று சொல்லிவிட்டேன், பரவாயில்லை என்கிறார். ஏழு பேர் ஆகிவிட்டது. இனி வேலை கேட்டு யார் வாசலிலும் நிற்க மாட்டேன் என்று சொல்லித்தான் உன் அம்மா உன்னைப் படிக்க வைத்தாள். இப்போது உன் வாசலில் வந்து நிற்பதற்காகப் பையில் சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எங்களை வேலைக்கு எடுத்துக்கொள்வாயா மாட்டாயா என்று மட்டும் உடனே எழுது.