'ப்நியூமோனியா' டாக்டர்

ஆங்கிலத்தில் உள்ள எல்லா எழுத்துக்கும் சம உரிமை கொடுத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில், மலாக்கா பக்கத்து எங்கள் செலண்டார் ஊர் டாக்டர்தான். வெள்ளைக்காரனே வேண்டாம் என்று வாயை மூடச் சொன்ன எழுத்தையும் இவர் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைப்பார். கிளினிக் போர்டில் என்ன பெயர் இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஊருக்கு அவர் ப்நியூமோனியா டாக்டர்.

டிகிரி முடித்துவிட்டு வேலைக்காக மெயில் மெயிலாக அனுப்பிக்கொண்டு வீட்டில் சும்மா கிடந்தேன். அம்மா பொறுக்க முடியாமல் என்னை டாக்டரின் மருந்துக் கவுண்டரில் தள்ளிவிட்டார். முதல் நாளே உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"தங்கச்சி! அந்த ப்சோரியாசிஸ் மருந்த எடும்மா!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூட்டம் குறைந்ததும் நேராகப் போய்ச் சொன்னேன்.

"டாக்டர், அதுல P சொல்லக்கூடாது."

"எழுதியிருக்கான் இல்ல?"

"எழுதியிருக்கான். ஆனா சொல்லக்கூடாது."

"அப்ப எதுக்கு எழுதினான் லா?"

பதில் வைத்திருந்தார் மனிதர். ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டில் தமிழ்ப்பள்ளி. அப்புறம் மலாய்ப் பள்ளி. மருத்துவம் படித்தது ரஷ்யாவில்.

"தமிழ்ல எழுதினத அப்படியே படிக்கிறோம். மலாய்லயும் அப்படித்தான். ரஷ்யாக்காரனும் அந்த 'ப்'ப விடமாட்டான். மூணு பாஷ ஒரு பக்கம், இங்கிலீஷ்காரன் மட்டும் தனியா நிக்கிறான். இப்ப யாருக்கும்மா பிரச்சினை?"

நான் டிகிரியைச் சுருட்டி வைத்துவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பினேன்.

ஆனால் நோயாளிகள் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். செம்பனைத் தோட்டத்து லாரி மாமா ஒருத்தர் வெளியே வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவரு ப்நியூமோனியா இல்லனு சொன்னாரு பாரு, அந்த 'ப்'புலயே பாதி சளி வெளிய வந்திருச்சு!" டாக்டர் தயக்கமே இல்லாமல், மைக் இல்லாத அரசியல்வாதி மாதிரி வியாதியைப் போட்டு உடைப்பார். பெயரை இவ்வளவு சத்தமாகச் சொல்கிறவருக்கு மருந்து தெரியாமலா போகும் என்பது ஊர்க் கணக்கு.

அப்போதுதான் மேடம் வந்தார். பக்கத்துத் தொழிற்சாலையில் புது மனிதவள அதிகாரி. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், பரம்பரையாக எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். தூக்கத்தில்கூட இலக்கணப் பிழை வராது. தொழிற்சாலை ஆட்கள் கையிலிருந்து காசு போடாமல் எங்களிடம்தான் பார்க்கலாம் என்று ஒரு பேனல் ஒப்பந்தம் இருந்தது. கிளினிக் ஓடியதே அதனால்தான். தன் தலைவலிக்கு வந்த மேடம், டாக்டர் பேசியதைக் கேட்டுவிட்டு அசல் தலைவலியோடு வெளியே வந்தார்.

"உங்க டாக்டர் உண்மையிலேயே டாக்டர்தானா?" என்று கவுண்டரில் என்னிடம் கேட்டார். "ஒரு வியாதியோட பேரே ஒழுங்கா சொல்ல வரல, அதுக்கு எப்படி மருந்து குடுப்பார்? பேனல் முடியப் போகுது. இன்னொரு தடவை வந்து பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் கோபி ஓ என்கிற கடுங்காப்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அது போச்சுன்னா கடைய சாத்திட்டு கே.எல். பட்டணத்துல எங்கயாவது வேலை தேடணும், தங்கச்சி. நான் இங்கதான் வைத்தியம் பாக்கணும்னு வந்தவன்." கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். "சரி. சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவில் யூடியூப் போட்டு, உதட்டை மடி, நாக்கை இழு, 'ப்'பை முழுங்கு என்று உயிரை வாங்கினேன். கெட்டிக்கார மனிதர், சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டதுதான் வினை.

இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாலும் நின்று யோசிக்க ஆரம்பித்தார். "உங்களுக்கு வந்து…" என்று கூரையைப் பார்ப்பார். உதடு சத்தமில்லாமல் அசையும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேர்த்துவிடும். சாதாரணத் தொண்டை வலிக்கு வந்த ஒரு வயசான ஆயா, நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சனைக்குக் கொடுத்தார். லாரி மாமா என்னிடம் வந்து, "டாக்டர் வாய் திறக்கவே பயப்படுறாரும்மா. எனக்குக் கடைசி ஸ்டேஜ் போல. நான் ஓட்டுற காடிய எந்த மவனுக்கு எழுதுறதுனே தெரியல" என்று கண் கலங்கினார். அவருக்கு வெறும் சளி. உச்சரிப்பு ஏற ஏற கூட்டம் இறங்கியது.

அந்த நிலைமையில் மேடம் மறுபடி வந்தார். கூடவே இருமிக்கொண்டு சரசு அக்கா. தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். "பயமா இருக்கு மேடம், நீங்களும் உள்ள வாங்க" என்று அக்கா கையைப் பிடித்து இழுக்க, மேடமும் வந்தார். பெண் நோயாளி என்பதால் நானும் ஓரமாக நின்றேன்.

டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். நிமிர்ந்தார்.

"அக்கா, உங்களுக்கு வந்து…"

கூரை. உதடு. மேடத்தின் கண் அவர் வாயிலேயே இருந்தது. நான் பின்னாலிருந்து உதட்டை மடித்துக் காட்டினேன்.

"உங்களுக்கு… ந்… ந்…"

சரசு அக்கா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். "சொல்லிடுங்க டாக்டர்! சின்னப் பிள்ளைங்க வச்சிருக்கேன்! எத்தன மாசம் இருப்பேன்?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்து அக்கா பக்கம் திருப்பி, ரோட்டுக்கே கேட்கிற மாதிரி போட்டார் ஒரு போடு.

"ப்நியூமோனியாக்கா! ப்! நியூ! மோனியா! ஆரம்பந்தான். செத்தெல்லாம் போக மாட்டீங்க. இப்பவே மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் தரேன், நெஞ்சுப் படம் எடுங்க, மருந்த ஒழுங்கா சாப்பிடுங்க. நல்லாயிடுவீங்க!"

அக்கா துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தார். "அவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ நேரம் இழுத்தீங்க லா? உயிரே போயிருச்சு!"

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பேனல் போச்சு என்றுதான் நினைத்தேன்.

"உங்க டாக்டர் இங்கிலீஷக் கொலை பண்றார்" என்றார்.

"ஆமா மேடம்."

சற்றுமுன் அழுத அக்கா உள்ளே தெம்பாக டாக்டரோடு சண்டை போடுவதைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பேரையும் பதிஞ்சுக்கோ. தலைவலி இன்னும் விடல. எனக்கும் இதே மாதிரி சத்தமா சொல்லச் சொல்லு."

பேனல் தப்பித்தது. மறு வாரம் கே.எல்.லிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். உடனே வர முடியாது, கொஞ்சம் தள்ளி வருகிறேன் என்றேன். ஏன் என்றார்கள்.

"உடம்பு சரியில்ல. எங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்."

எனக்கு ஒன்றுமே இல்லை. நன்றாகத்தான் இருந்தேன். அந்த 'ப்'பை விட்டுவிட்டுப் போகத்தான் மனசு வரவில்லை.