சாட்சி வைக்காத நாணயஸ்தர்

நாணயஸ்தர்களில் பல ரகம் உண்டு. அதில் தெருவுக்கு ஒருவராவது இருக்கும் ரகம் ஒன்றைப் பாருங்கள்: கடனை நாள் தவறாமல் அடைப்பார், ஆனால் அது கடன் என்று யாருக்கும், முக்கியமாகக் கடன் கொடுத்தவருக்கு, தெரிந்துவிடக் கூடாதென்று உயிரை விடுவார்.

கடலூர் முதுநகர் மரிய ஜோசப் இதில் முதல் தரம். ஏழு வருஷத்துக்கு முன், அவர் மரியாதையாக மாமா என்று கூப்பிடும் ராமாமிர்தம் தம் வீட்டை அவருக்கு விற்றுவிட்டு, சிதம்பரம் அண்ணாமலை நகரில் மகனோடு போய்த் தங்கிவிட்டார். பாங்குக் கடன் கிடையாது, ரசீது கிடையாது; "மாசாமாசம் குடுத்துடுப்பா" என்பதுதான் ஒப்பந்தம். ஜோசப்பும் ஐந்தாம் தேதி விடிந்தால் பதினைந்தாயிரத்தைப் போனில் அனுப்பிவிடுவார். ஆனால் குறிப்பு எழுதும் இடத்தில் "வீட்டுத் தவணை" என்று போடுவாரா? மாமாவை வட்டிக்காரர் ஆக்கிவிடாதா அது? அதனால் ஒரு மாதம் "பொங்கல் வாழ்த்து", ஒரு மாதம் "பேரன் காதுகுத்துக்கு", இன்னொரு மாதம் "ஆனித் திருமஞ்சனச் செலவுக்கு", ஒன்றுமே தோன்றாத மாதம் "சும்மா".

மகள் பெலிசியா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், மாடியில் ஓர் அறை போட்டாக வேண்டும். ஜோசப் பாங்குக்குப் போனார்.

"சிபில்ல உங்க பேருக்கு ஒண்ணுமே இல்லியே சார். லோன் எதுவும் கட்டினதே இல்லியா?" என்றார் மேனேஜர்.

"வீட்டை வித்தவருக்கு ஏழு வருஷமா கட்டிக்கினு இருக்கேன் சார்" என்று போனை நீட்டினார். மேனேஜர் படித்துப் பார்த்தார். "சும்மா" மட்டும் இருபத்தோரு தடவை வந்தது.

"வீட்டை வித்தவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கியாங்க, பாக்கலாம்."

கேட்பதற்கு வாய் வர வேண்டுமே. மூன்று முறை சிதம்பரம் பஸ் ஏறி, மாமா வீட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்பினார். நாலாம் முறை மனைவி பாக்கியமேரி கூடவே போய்க் கேட்டுவிட்டாள். ராமாமிர்தம் நெகிழ்ந்துபோய் உடனே எழுதிக் கொடுத்தார்: "ஜோசப் தங்கமான மனிதர். எனக்கும் அவருக்கும் நடுவில் கடன், கொடுக்கல் வாங்கல் என்ற பேச்சே ஒரு நாளும் இருந்ததில்லை."

ஜோசப்புக்குக் கண் கலங்கியது. பாக்கியமேரிக்கும்தான், வேறு காரணத்தால்.

"மாமா, கொஞ்சம் வேற மாதிரி எழுதித் தரீங்களா?"

"இதுக்கு மேல எப்படிம்மா புகழ்றது?"

லெட்டரைப் பார்த்த மேனேஜர், "நகையை வச்சு சின்னதா ஒரு லோன் வாங்குங்க சார். ஒரு வருஷம் ஒழுங்கா கட்டினா நம்பலாம்" என்றார். பெலிசியாவுக்கோ அப்போது ஒன்பதாம் மாதம்.

பேத்தி பிறந்தாகிவிட்டது. கூடத்தில் தொட்டில், தாத்தாவுக்குப் படிக்கட்டுக்கு அடியில் பாய்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் கொடுத்த வீட்டு அட்வான்சுக்கு ரசீது இருக்கிறதா? "அவர் நல்ல மனுஷர், கேட்டால் தப்பாக நினைப்பார்" என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? வாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் இன்னும் ஒரு பாய்க்கு இடம் இருக்கிறதாம்.